தைரியம் சொல்ல வந்த சித்தப்பா

பங்குச் சந்தை சரிந்துகொண்டிருக்கிற இந்த வாரத்தில், என் வங்கியிலிருந்து தினமும் காலையில் ஒரு செய்தி வருகிறது. பதற வேண்டாம், உங்கள் முதலீடு பத்திரமாக இருக்கிறது என்று. கூடவே ஒரு சூரிய உதயப் படம். அதைப் பார்த்தால் எனக்குப் பயம் வருவதில்லை, கொட்டாவி வருகிறது. அந்த வாக்கியத்தை நான் முதன்முதலில் கேட்ட மதியம் அப்படிப்பட்டது.

அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். கச்சிராயபாளையம் பக்கத்தில் மலையடிவாரத்தில் எங்கள் வீடு. ஐப்பசி மாதம். காலையிலேயே மலை மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. அங்கே ஒரு மலை இருக்கிறது என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். நான் காய்ச்சல் விட்ட மறுநாள் உடம்போடு பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்தேன். கண்ணைத் திறந்தால் ஜன்னலில் கரும்புத் தோட்டம், மூடினாலும் அதே பச்சை. எது தூக்கம், எது விழிப்பு என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் சித்தப்பா வந்தார். அம்மாவின் தங்கை கணவர். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் வங்கியில் அதிகாரி. எங்கள் சொந்தத்தில் டை கட்டிய ஒரே ஆள். அம்மாவின் பங்குக்கு வந்த நிலத்தில் ஒரு துண்டு ரோட்டுக்குப் போனபோது கிடைத்த பணத்தை, அவர் பேச்சைக் கேட்டுத்தான் அம்மா மியூச்சுவல் ஃபண்டில் போட்டிருந்தாள். அக்கா அப்போது பிளஸ் டூ. அவளை நர்சிங் சேர்க்க அந்தப் பணம்தான். அது இல்லையென்றால் பரீட்சை முடிந்த கையோடு கல்யாணம் என்று அப்பா முன்பே சொல்லிவைத்திருந்தார். அவர் பார்த்த மாப்பிள்ளையை அக்காவுக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

பைக்கை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக சித்தப்பா ஆரம்பித்தார்.

“அக்கா, டிவியில இன்னாவோ சொல்லிக்கினு இருப்பானுங்க. நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. பணம் பத்திரமா இருக்குது.”

“நான் ஒண்ணுமே கேக்கலியே தம்பி” என்றாள் அம்மா.

எங்கள் வீட்டு டிவியில் சீரியல்தான் ஓடும். சந்தை விழுந்த சேதியே, பயப்படாதே என்று அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். வாடிக்கையாளர்கள் எவ்விதப் பதற்றமும் கொள்ளத் தேவையில்லை என்று தலைமை அலுவலகம் அனுப்பியது. வீடு வீடாகப் போய் வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார்களாம். இன்ஸ்பெக்டர் முன்னால் பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி, தலையை நிமிர்த்தாமல் வாசித்து முடித்தார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, “பணத்த எடுக்கற பாரம்லாம் பிராஞ்சுல மூணு மணி வரைக்கும்தான் வாங்குவாங்க. அது உங்களுக்கு எதுக்கு? நீங்கதான் எடுக்கப் போறதில்லயே” என்றார். ரெண்டு நாளாகத் தூக்கமே இல்லை, கொஞ்சம் தலையைச் சாய்க்கிறேன் என்று உள்அறையில் பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

அம்மா கதவருகே நின்று அவரையே பார்த்தாள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலத்தில் அணை நிரம்பினால் தாலுகா ஆபீஸ்காரர்கள் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வருவார்கள், ஆற்றங்கரையில் இருப்பவர்கள் யாரும் பயப்பட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு. ஜீப் தெருமுனை திரும்புவதற்குள் ஆடு மாடெல்லாம் அவிழ்க்கப்பட்டுவிடும். ஆற்றோரக் கிணற்று மோட்டாரைக் கழற்றி மேட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். ஜீப்காரர்மேல் யாருக்கும் கோபம் கிடையாது. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள்.

அம்மா பீரோவைச் சத்தமில்லாமல் திறந்தாள். பத்திரப் பையை எடுத்துக்கொண்டு புடவை மாற்றினாள். கரண்ட் போயிருந்தது. என் கையில் விசிறியைக் கொடுத்து, “விசிறிக்கினே இரு, எழுப்பிடாத. கேட்டாருன்னா அம்மா ரேஷன் கடைக்குப் போயிருக்குதுன்னு சொல்லு” என்று காதில் சொல்லிவிட்டு, ஒன்றரை மணி டவுன் பஸ்ஸுக்கு ஓடினாள். அவர் முகத்துக்கு நேராகப் பணத்தைத் திருப்பிக் கேட்க அவளுக்குக் கூச்சம். அவர் இங்கே தூங்குகிற நேரத்தில் அங்கே போய் எடுத்துவிட்டால் மனஸ்தாபம் இல்லை என்று கணக்குப் போட்டுவிட்டாள்.

பணம் சில நாளில் வந்தது. போட்டதைவிடக் குறைவுதான், ஆனாலும் அக்கா நர்சிங் சேர்ந்தாள். எங்களைப் போலவே சித்தப்பா சொல்லிப் பணம் போட்டு, நம்பி உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களுக்கு மாதாமாதம் கரைந்துகொண்டே போனது. சில வருஷம் கழித்து ஏறிவிட்டது என்றார்கள். ஏறட்டும். அக்காவின் கல்யாணப் பேச்சு அத்தனை வருஷம் காத்திருந்திருக்காது. அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள், வங்கிக்காரரைத் தூங்கவைத்துவிட்டுப் பணத்தை எடுத்தவள் நான் ஒருத்திதான் என்று. ஆனாலும் உள்ளுக்குள் உறுத்தல். சித்தப்பா சாப்பிட உட்கார்ந்தால் அவருக்கு மட்டும் ஒரு கரண்டி நெய் கூடுதலாக விழும். அவரும் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்.

அந்த மதியத்தில் நடந்த ஒன்றை மட்டும் நான் அவளிடம் சொன்னதில்லை. சொல்லும்படியான விஷயம் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.

மழை தூறத் தொடங்கியிருந்தது. விசிறியின் சத்தத்தில் எனக்கே கண் சொக்கியது. தூரத்தில் பஸ் ஹாரன் அடித்து, நின்று, கிளம்புகிற சத்தம் கேட்டது. சித்தப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“அம்மா பஸ் ஏறிடுச்சா?”

“அம்மா ரேஷன் கடைக்குப் போயிருக்குது சித்தப்பா” என்றேன்.

“ஆங், ரேஷன் கடைக்குத்தான்” என்று சொல்லி, டையைத் தளர்த்தி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதற்குப் பிறகுதான் குறட்டை கேட்டது. அதுவரை அவர் தூங்கவே இல்லை. எடுத்துவிடுங்கள் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு மனிதர், பஸ் கிளம்புகிறவரைக்கும் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

நானோ, ஒரு பேங்க் ஆபீசரையே ஏமாற்றிவிட்டேன் என்ற பெருமையில் இன்னும் பலமாக விசிறிக்கொண்டிருந்தேன்.