அம்பு ஒட்டிய அட்டை

என் மேசை இழுப்பறையில் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை ஒன்று கிடக்கிறது. அதில் ஒரு குடும்பப் படம். சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்ட அப்பா, பக்கத்தில் அம்மா, அம்மாவின் மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. போன மாதம் வரை அந்தக் குழந்தையின் முகத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குள் கால் வைத்தவர்களுக்கு அந்த அம்பு தெரியும். செக்கிங் மேசையில் நிற்கும் பெண்கள் துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்டால், அந்த இடத்தைக் காட்டி இதைத்தான் ஒட்டுவார்கள்.

படத்தில் இருக்கும் அம்மாவும் வேலம்பாளையத்தில் அப்படிச் செக்கிங்கில் நின்றவர்தான். செக்கிங் அக்கா என்றே நினைவில் வைத்திருக்கிறேன். பத்து வருடங்களுக்கு மேலாகிறது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுன்ட்டரில் நான் அப்போது புதிது. காகிதத்தில் ஓர் எழுத்து தப்பினாலும் திருப்பி அனுப்புவேன். கறாரான ஆள் என்று பெயர் வாங்கியிருந்தேன், அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அக்கா தன் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். குழந்தையின் உதடும் நகமும் நாவல்பழம் தின்றதுபோல நீலமாக இருந்தன. இதயத்தில் ஓட்டை, இந்த மாதத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். அட்டை எண்ணைத் தட்டினேன். திரையில் ஒரே ஒரு பெண் குழந்தை, வயது எட்டு. எதிரில் இருந்தவளுக்கு ஐந்துக்கு மேல் சொல்ல முடியாது.

"அது பெரியவளுங்க மேடம். காய்ச்சல்ல போயிட்டாளுங்க. அவ போன அதே மாசந்தான் இவ பொறந்தா" என்றார் அக்கா.

"இறந்தவங்க பேரை ஏன் இன்னும் எடுக்கலை?"

"கார்டுல பேரு இருக்கற வரைக்கும் அவளும் ஊட்ல ஒரு ஆளுங்க."

சின்னவளைச் சேர்க்கப் புது வருமானச் சான்று வேண்டும். அங்கேதான் அவள் அப்பா ஒரு தப்புச் செய்திருந்தார். இந்த ஊரில் சம்பளம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. எவ்வளவு வாங்குகிறாய் என்று யாராவது கேட்டால், ஆண்கள் தீபாவளி சீசனில் ஓவர்டைமோடு வாங்கிய வாரத்தைத்தான் சொல்வார்கள். அது கௌரவம். கட்டிங் மாஸ்டரான அவரும் அதிகாரியிடம் அதையே நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டார். ஆர்டர் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்த வாரங்களைச் சொல்லவில்லை. அதிகாரி அந்த ஒரு வாரத்தை வருடம் முழுக்கப் பெருக்கினார். வருமானம் வரம்பைத் தாண்டியது. பிறகு போய் உண்மையைச் சொன்னபோது அதைத்தான் பொய் என்றார்கள். மேல்முறையீட்டுக்கு மாதக்கணக்காகும். குழந்தைக்கு அத்தனை மாதம் இல்லை.

செத்த பிள்ளைக்குக் காப்பீடு இருந்தது. உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு இல்லை. நான் திரையையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தேன். அட்டையில் இருப்பது பெரியவளைச் சின்ன வயதில் எடுத்த படம், கைரேகையும் கிடையாது. இதய நோய் உள்ள குழந்தைகள் வயதுக்குச் சிறுத்துத்தான் இருப்பார்கள், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அக்கா எதுவும் கேட்கவில்லை. நான்தான் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "பேரைக் கேட்டா, பெரியவ பேரையே சொல்லச் சொல்லுங்க."

நர்ஸ் வந்து பெரியவளின் பெயரைக் கூப்பிட்டபோது சின்னவள் தயங்கவே இல்லை. எழுந்து நேராகப் போனாள். அவ்வளவு சீக்கிரம் பழகிவிட்டாளே என்று நினைத்தபடி படிவத்தில் வயது எட்டு என்று எழுதினேன்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நாலாம் நாள் அக்கா கவுன்ட்டருக்கு வந்தார். சந்தோஷத்தைக் காணோம்.

"கண்ணு முழிச்சதும் சின்னவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டேனுங்க. திரும்பவே இல்லீங்க. பெரியவ பேரைச் சொன்னேன். என்னம்மான்னு கேக்கறாளுங்க."

மயக்க மருந்து அப்படித்தான் செய்யும் என்று சொன்னேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. டிஸ்சார்ஜ் அன்று அந்த அட்டையை என் பக்கம் தள்ளினார். அம்பு ஒட்டியிருந்தது. "தப்பு இருக்கற எடத்தக் காட்டாம பீஸை அடுத்த மேசைக்குத் தாட்டிவிட்டுப் பழக்கமில்லீங்க. இதை ஊட்ல வெச்சுக்க எனக்குப் பயமா இருக்குங்க" என்றார். வாங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

இப்போது டிவியில் அடிக்கடி விவாதம் நடக்கிறது. வருமான வரம்பை உயர்த்தலாமா, வரம்புக்கு மேலே உள்ள வீட்டுப் பிள்ளைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சேர்க்கலாமா என்று கோட்டுப் போட்டவர்கள் கத்துகிறார்கள். நான் சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.

போன மாதம் ஒரு மத்தியானம் பிளஸ் ஒன் படிக்கும் பெண் ஒருத்தி தனியாக வந்தாள். வருடாந்திரப் பரிசோதனையாம். பெயரைக் கேட்டேன்.

"ஆஸ்பத்திரிப் பேருங்களா, ஸ்கூல் பேருங்களா?"

அப்புறம்தான் முகம் பிடிபட்டது. என்ன நினைத்தேனோ, இழுப்பறையைத் திறந்து அட்டையைக் கொடுத்தேன். அவள் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது எடுத்தப்ப லைட்டு கண்ணைக் கூசுச்சுங்க. அழுதேன். அம்மா என் கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டாங்க."

அந்தப் படம் எடுத்தபோது அவள் பிறந்திருக்கவில்லை. அம்மா சொல்லித் தெரிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் நகத்தால் அம்பை நெம்பி எடுத்தாள். "இதுல தப்பு ஒண்ணுமில்லீங்களே" என்று சிரித்தபடி, செக்கிங்காரி மகள் என்பதற்கு அடையாளமாக, அதைக் கீழே போடாமல் கவுன்ட்டர் கண்ணாடியில் ஒட்டிவிட்டு அட்டையைத் திருப்பித் தந்தாள்.

பத்து வருடப் பசை, விழுந்துவிடும் என்று நினைத்தேன். விழவில்லை. அவள் போன பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். அம்பின் முனை என் முகத்துக்கு நேராக இருந்தது. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். அம்பை எடுக்க இன்னும் கை வரவில்லை.