ஹெல்மெட்டில் ஒரு ஹாலந்துப் பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை. புஜைராவில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேஜை. புட்டு, நண்டுக் கறி, சம்பல்... இவற்றுக்கு நடுவில் சின்னதாக மூன்று பிளாஸ்டிக் குழாய்கள். ஆளுக்கொரு குழாயில் எச்சில் துப்ப வேண்டுமாம்!

"சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார் எங்க வீட்டுக்காரர்.

முன்னாடிதானாம். வாயில் சாப்பாட்டு மிச்சம் இருக்கக் கூடாதாம். "அப்போ சீக்கிரம் துப்புங்கப்பா, நண்டு ஆறுதுல்ல" என்றார். அவர் கவலை அவருக்கு.

யார் துப்புவது? எதற்குத் துப்புவது? இருங்கள், முதலிலிருந்து வருகிறேன்.

கராமாவில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் ரொம்ப வருஷம் இருந்தவர்கள் ரெக்ஸ் குடும்பம். மட்டக்களப்புக்காரர்கள். ரெக்ஸ், அவர் மனைவி, ஒரே மகள் ஷாமினி. ரெக்ஸுக்கு புஜைராவில் எண்ணெய் டேங்க்குகளுக்குச் சாரம் கட்டும் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கிடைக்க, வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போனார்கள். ஷாமினி இங்கே வளைகுடாவிலேயே பிறந்து வளர்ந்த பெண். இப்போது ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடிப்பாள்.

ரெக்ஸின் சர்நேம் ஒரு டச்சுப் பெயர். அசல் பெயரை எழுதினால் ஆளைப் பிடித்துவிடுவீர்கள் – அத்தனை அபூர்வம். அதனால் அதே அர்த்தத்தில் நானே ஒன்றைத் தயாரித்திருக்கிறேன். ரீட்ஸ்னைடர். சொல்லிப் பாருங்கள், பல்லில் மாட்டும். மற்ற பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். பெயரைப் பற்றி எழுதும்போது பெயரை மாற்றி எழுதுவது கொஞ்சம் அபத்தம்தான். என்ன செய்ய?

தமிழ் பேசுகிற மனிதருக்கு டச்சுப் பெயர் எப்படி வந்தது? மட்டக்களப்பில் பறங்கியர் என்று ஒரு சமூகம் உண்டு. எந்தக் காலத்திலோ கப்பலில் வந்த போர்ச்சுகீசியர்களும் டச்சுக்காரர்களும் அந்த ஊரிலேயே கல்யாணம் கட்டி, பிள்ளை குட்டி பெற்று, மண்ணோடு மண்ணாகிவிட்டார்கள். அவர்கள் வம்சம் தச்சு வேலை, கொல்லு வேலை பார்த்துக்கொண்டு நம்மைப் போலவே தமிழ் பேசுகிறது. பெயர் மட்டும் கப்பலில் வந்த பெயர்.

ரெக்ஸும் அவர்களில் ஒருவர் என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

போன வருஷம் அவருடைய சைட்டுக்கு டேங்க் பரிசோதனைக்காக ஹாலந்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். பெயர் ஹென்க். ரிட்டயர்மென்ட்டை நெருங்கும் வயது, நெடுநெடு உயரம். இரண்டாம் நாள் சாரத்தின் அடியில் நின்றிருந்த ரெக்ஸைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டாராம். ரெக்ஸ் தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கை நீட்டிக் காட்டி, "அது என் பெயர்!" என்று கத்தியிருக்கிறார்.

ரெக்ஸ் என்ன செய்தார் தெரியுமா? வெள்ளைக்காரரின் ஹெல்மெட்டைத் தெரியாமல் மாட்டிக்கொண்டோமாக்கும் என்று பதறி, "சொறி சேர், சொறி சேர்" என்று கழற்றி நீட்டியிருக்கிறார்! ஹென்க் தன் அடையாள அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினாராம். ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலும் அட்டையிலும் ஒரே பெயர். எழுத்துக்கு எழுத்து.

அன்றிலிருந்து ஹென்க்குக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் சொன்ன கதை இது. அவர்கள் ஊர் பூராவும் தண்ணீர். கால்வாய் ஓரமெல்லாம் நாணல். குளிர்காலத்தில் அதை வெட்டிக் கட்டி, வீட்டுக் கூரைக்கு விற்பார்கள். நாணல் வெட்டுகிறவர்கள் எத்தனையோ ஊரில் இருந்தார்கள். ஆனால் அந்த வேலையே பெயராக ஒட்டிக்கொண்டது ஒரே ஊரில் ஒரே குடும்பத்துக்குத்தானாம். பையன்கள் பலர் கப்பலேறிப் போனார்கள், திரும்பவில்லை. ஊரில் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் பெண் குழந்தைகள், அவர்கள் பெயர் கல்யாணத்தோடு போனது. இப்போது அந்தப் பெயர் உள்ளவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஹென்க்குக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணனுக்கும் மகன்கள் இல்லை.

கப்பலேறிப் போனவர்களில் ஒருவன் இலங்கைப் பக்கம் போனான் என்று வீட்டில் சொல்வார்களாம். அப்புறம் சேதியே இல்லை. அந்தத் தொலைந்துபோனவனின் வாரிசு புஜைரா வெயிலில், சாரத்துக்கு அடியில் நிற்கிறான் என்றால்? மனுஷன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம்.

இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். நம்மிடம் இப்படி ஒரு குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதல் எழுத்து, இனிஷியலாக முன்னால் நிற்கும். அவ்வளவுதான். வளைகுடாவுக்கு வந்ததும் அந்த ஒற்றை எழுத்து விரிந்து, முழுப் பெயராகி, சர்நேமாகப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். கிளினிக்கில் "மிஸ்டர் சுடலைமுத்து!" என்று கூப்பிட்டால் எங்க வீட்டுக்காரர் எழுந்து போவார். சுடலைமுத்து என் மாமனார். ஆயுசுக்கும் விமானம் ஏறாத மனிதர் – கராமாவில் பாதி கிளினிக்கில் அவருக்கு ஃபைல் இருக்கிறது! சரி, என் பையனுக்கு? அவனுக்கு எங்க வீட்டுக்காரர் பெயர். மாமனார் காலி... கலாஸ்! ஒவ்வொரு அப்பாவும் ஒரு தலைமுறைதான் நம் பெயரில் குடியிருக்கிறார்.

ஹென்க் அடிக்கடி புஜைரா வர ஆரம்பித்தார். வரும்போதெல்லாம் ரெக்ஸ் வீட்டில் சாப்பாடு. நண்டைக் கையால் உடைத்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டார். ரெக்ஸைக் கூப்பிடுவதே "கசின்" என்றுதான். ஷாமினிக்குக் கால் தரையில் பாவவில்லை. "ஐ ஆம் பார்ட் டச், ஆன்ட்டி!" என்று எனக்கு போனிலேயே கூவினாள். ஹாலந்தில் அந்தக் குடும்பம் ஒன்றுகூடும் நாள் வருகிறதாம், இவர்களும் வர வேண்டும் என்று ஹென்க் அழைத்துவிட்டார். போகும் முன்னால் ஒரு டி.என்.ஏ. டெஸ்ட். அதற்குத்தான் இந்தக் குழாய்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு, ரெக்ஸ் வீட்டு மேஜைக்கு வருகிறேன்.

ஹென்க் ஒரு குழாயில் துப்பிக் காட்டி, மூடி போட்டுவிட்டார். ஷாமினி அடுத்ததைக் கையில் எடுத்தாள். "நான் தண்ணீர் கொண்டுவாறன்" என்று ரெக்ஸ் எழுந்து கிச்சனுக்குப் போனார். போனவர் வரவேயில்லை. அப்பளம் எடுக்கப் போன நான் பார்க்கிறேன், மனுஷன் ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அக்கா, இதை நிப்பாட்ட ஒரு வழி சொல்லுங்க."

"ஏன், என்னாச்சு?"

"துப்பினா எல்லாம் தெரிஞ்சிரும். நான் அந்தப் பெயர்க்காரன் இல்ல."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "தலை சுத்துதுன்னு சொல்லிப் படுத்துக்கோங்க" என்றேன். என் யோசனையெல்லாம் எப்போதும் இந்த லட்சணம்தான். ரெக்ஸ் என்னைப் பார்த்தார். "எத்தின நாளைக்குப் படுக்கிற, அக்கா?" என்றார். நியாயமான கேள்வி.

ஹாலுக்கு வந்து உட்கார்ந்தார். மகள் கையிலிருந்த குழாயை மெல்ல வாங்கி மேஜையில் வைத்தார். "மகள், நான் சொல்றத சேருக்கு இங்கிலீசில சொல்லு. ஒண்டும் விடாமச் சொல்லு" என்றார்.

"நான் பறங்கி இல்ல. என்ட அப்பா ஆத்துல மீன் பிடிக்கிறவர். யுத்த நேரம். ஒரு நாள் தோணியோட போனவர் வரல்ல. எனக்கு அப்ப பதிமூணு வயசு. எங்கட பக்கத்துப் பொடியன்கள் வெளியில போனா திரும்பி வருவாங்களெண்டு சொல்லேலாது. ரோட்டில ஆமிக்காரங்க மறிச்சிப் பெயரக் கேட்பாங்க. பெயர்தான் எல்லாம்."

ஷாமினி மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். பாதியில் நின்றாள். "பப்பா, வாட் ஆர் யூ சேயிங்?"

"சொல்லு மகள், முதல்ல அவருக்குச் சொல்லு."

சொன்னாள். ரெக்ஸ் தொடர்ந்தார். பக்கத்து வளவில், அதாவது அடுத்த வீட்டில், ஒரு பறங்கித் தச்சர் இருந்தார். பிள்ளைகள் இல்லை. ஒரு நாள் இவருடைய அம்மாவிடம் வந்து, "பொடியன எனக்குத் தா, உயிரோட வெச்சிருக்கன்" என்றாராம். சர்ச்சுக்குக் கூட்டிப்போய் ஞானஸ்நானம். கோர்ட்டுக்குக் கூட்டிப்போய்த் தத்து. ரெக்ஸ் என்ற பெயரும் அந்த நீளப் பெயரும் வந்தது அப்படித்தான்.

"அதுக்குப் பிறகு எத்தினையோ தரம் மறிச்சாங்க. அந்தப் பெயரப் பார்த்தா, 'நீ போ' எண்டிருவாங்க. என்னத் தத்தெடுத்த பப்பா எனக்கு ஒண்டே ஒண்டுதான் சொன்னாரு – உன்ட அப்பாட பெயரை வெளியில சொல்லிராத மகன் எண்டு. நான் சொல்லல்ல. அம்மா பக்கத்து வளவிலதான் இரிந்தா. ரோட்டில கண்டா அம்மா எண்டு இல்ல, 'அன்ரி' எண்டுதான் கூப்பிடணும். நான் கூப்பிட்டன். அவ திரும்பிப் பார்த்துச் சிரிச்சித்துப் போவா. நான் கல்ஃபுக்கு வந்த வருசம் செத்துப் போயித்தா."

எங்க வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ரெக்ஸின் மனைவி அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

ஷாமினி மொழிபெயர்ப்பதை எப்போதோ விட்டுவிட்டாள். அழுதுகொண்டிருந்தாள். கோபமும் இருந்தது. "யுத்தம் முடிஞ்சு இவ்வளவு காலம் ஆச்சே பப்பா... என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" அபூர்வமாக முழு வாக்கியமும் தமிழில் வந்தது.

"என்னெண்டு சொல்ற மகள்? பப்பா சாகும்போது என்ட கையப் பிடிச்சி 'என்ட மகன்' எண்டுதான் செத்தாரு. அதுக்குப் பிறகு நான் வாயத் திறந்து இல்ல எண்டு சொல்றதா? அந்தாள் இல்லாட்டி நானும் இல்ல, நீயும் இல்ல." பிறகு ஹென்க்கைப் பார்த்தார். "பெயர் உங்கட. எனக்கு இரத்த உரிமை இல்ல. நீங்க என்ன சொன்னாலும் சரி."

ஷாமினி மூக்கைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தாள். ஹென்க் தன்னுடைய குழாயைக் கையில் எடுத்தார். நான் பயந்தே போனேன். ஒரு சொல் போதாதா, இத்தனை வருஷம் சுமந்த பெயரை அந்த மனிதரிடமிருந்து உருவிக்கொள்ள?

"பொய் சொல்ல மாட்டேன். எனக்கு ஏமாற்றம்தான்" என்றார். டச்சுக்காரர்களுக்கு ஒப்புக்குப் பேச வராது போல. "கப்பலில் போனவனின் ரத்தம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அது அந்தத் தச்சரோடு முடிந்துவிட்டது."

ரெக்ஸ் தலையாட்டினார். ஷாமினி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனால் எனக்குத் தெரிந்து இந்தப் பெயரை வைத்து எங்கள் குடும்பத்தில் எவனும் உருப்படியாக எதுவும் செய்ததில்லை. நாணல் வெட்டினோம், வெட்டிய நாணலுக்காகச் சண்டை போட்டோம். இந்தப் பெயரை வைத்து ஒரு பையனைக் காப்பாற்றியவர் அந்தத் தச்சர் ஒருவர்தான். அவர் பெயரைச் சொல்லு, கசின்."

கசின் என்றுதான் சொன்னார். என் காதால் கேட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. கேட்டால் நண்டுக் காரம் என்பார். இன்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை!

ஹென்க், தான் துப்பிய குழாயையும் சேர்த்து மூன்றையும் பெட்டியில் போட்டு மூடினார். லேப்டாப்பைத் திறந்தார். அவர் வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்த குடும்ப மரம் – கிளை கிளையாகப் பெயர்கள். கீழே போகப் போகக் கிளைகள் ஒவ்வொன்றாக நின்றுவிடுகின்றன. கப்பலேறியவனுக்குக் கீழே வெறும் இடம். கொஞ்சம் தள்ளி, ஒரு கேள்விக்குறி போட்டு, தச்சரின் பெயரைச் சேர்த்தார். அவருக்குக் கீழே ரெக்ஸ். தத்துப்பிள்ளை என்பதால் நடுவே புள்ளிக்கோடு. ரெக்ஸுக்குக் கீழே ஷாமினி.

ஷாமினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கிள், வெயிட்" என்றாள். "என் அப்பாவுக்கு மேலே இன்னொரு கோடு வேணும். புள்ளி இல்லாத கோடு."

பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பப்பாட பெயர் என்ன?"

ரெக்ஸ் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். மறக்கவில்லை, சொல்லிப் பழக்கமில்லை. யாரும் இல்லாத பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். கேட்பதற்கு அங்கே இப்போது எவனும் இல்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தும் பார்த்தார்.

"கணபதிப்பிள்ளை."

ரொம்பச் சின்னக் குரலில் சொன்னார். ஷாமினி எழுத்து எழுத்தாகச் சொல்ல, ஹென்க் பிசகாமல் அடித்தார். ஹாலந்தின் ஏதோ ஒரு நாணல் ஊர்க் குடும்பத்தின் கிளையில், மட்டக்களப்பு மீனவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

"சர்நேம்?" என்று கேட்டார் ஹென்க், கீபோர்டில் விரலை வைத்துக்கொண்டு.

ரெக்ஸ் மகளைப் பார்த்தார்.

"அவருக்கு சர்நேம் இல்ல மகள். அவர்தான் என்ட சர்நேம். அப்பிடியே சேருக்குச் சொல்லு."