கோட்டுக்கு அந்தப் பக்கம் அடுப்படி

இராமநாதபுரத்தில் ஊருணிக் கரையோரம் இருந்த அந்த வீட்டை முதலில் விலை பேசியது நான்தான். ஆனால் அதன் அடுப்படி பட்டா நிலத்தைத் தாண்டிக் கட்டப்பட்டிருந்தது. அந்த இடம் கோயிலுடையதா, நகராட்சியுடையதா என்று யாருக்கும் தெரியவில்லை. பயந்து விலகிவிட்டேன். ஐஸ் லாரி ஓட்டும் ஒருவர் மறுவாரமே வாங்கினார்.

குள்ளமான மனிதர். கழுத்தில் எப்போதும் ஈரத்துண்டு. ஒருநாள் தெருவில் போன என்னைக் கூப்பிட்டு வீட்டைக் காட்டினார். பட்டா முடிகிற இடத்தில், தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் அதைத் தாண்டினார்.

"எதுக்குண்ணே இது?" என்றேன்.

"இடத்துக்காரன் யாருன்னு தெரியாதுல்ல? ஒரு மரியாதைதேன்."

"இடிக்க வந்தா?"

"வரட்டும்ண்ணே. அங்கன உக்கார வச்சு மீன் கொழம்பு ஊத்துவோம். தின்னுட்டு எவன் இடிப்பான்?"

"ஆமா, அவுக வந்தா இவரு லாரிய எடுத்துட்டு ஓடிருவாரு," என்றார் அடுப்படியிலிருந்து அவர் மனைவி. இருவரும் சிரித்தார்கள்.

எனக்கும் சோறு போட்டார்கள். நான் கோட்டுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். அந்த அடுப்படிப் புகையைப் பார்க்கும்போதெல்லாம், இடிக்க யாராவது வரமாட்டார்களா என்று மனம் கேட்கிறது. இத்தனை வருடத்தில் ஒருவரும் வரவில்லை.