கப்பல் வெளியே வந்த காலை

கிழிந்த வலையைத் தைக்கும்போது அந்த மீனவர் தலை நிமிரவே மாட்டார். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் வலையைப் பார்த்தே பதில் சொல்வார். உப்புக்காற்றில் செம்பட்டையாகிப்போன தலைமுடிதான் எனக்கு அவர் அடையாளம்.

கடலூர்க் கரைக்கு நேரே, இரண்டாம் உலக யுத்த காலத்தில் மூழ்கிய கப்பல் ஒன்று கிடப்பதாகச் சொல்வார்கள். அது எந்தக் கப்பல் என்று கண்டுபிடிக்கிற பைத்தியம் எனக்கு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, கேமராவோடு போய் அவரிடம் கேட்டேன்.

“எந்தக் கப்பலோ, யாருக்குத் தெரியும்? எத்தினி வாட்டி என் வலைய முழுங்கியிருக்கு தெரியுமா சார் அது!”

பேசிக்கொண்டிருக்கும்போதே கடல் உள்வாங்கியது. போய்க்கொண்டே இருந்தது. சேற்றில் துருப்பிடித்த இரும்புச் சட்டங்களோடு கப்பல் வெளியே வந்தது. அதில் கந்தல் கந்தலாக வலைகள் தொங்கின. அப்போதுதான் அவர் தலை நிமிர்ந்தார்.

“சார், அதோ என் வலை!”

ஓடினார். வலையின் முனையைத் தூக்கிக் காட்டி, என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு படம் எடுத்தேன். அடுத்த நொடி யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள். சுனாமி என்ற சொல்லே அதுவரை எங்களுக்குத் தெரியாது. அவர் திரும்பவில்லை.

சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்த என் நண்பன் படத்தைப் பார்த்ததும், “பாய்லரப் பாரு மச்சான். யுத்த காலத்துச் சரக்குக் கப்பல்தான், சந்தேகமே இல்ல,” என்றான்.

நான் பாய்லரைப் பார்க்கவில்லை. சிரிக்கிறவரின் முதுகுக்குப் பின்னால், படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு வெள்ளைக் கோடு. அதைப் பார்த்துக்கொண்டேதான் பட்டனை அழுத்தியிருக்கிறேன்.