கால் ஆணியும் அவர் நடையும்

என் கணவருக்கு வலது பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே ஆணி இருந்தது. கல்வராயன் மலையில் மரவள்ளி மூட்டை தூக்கப் போன காலத்தில் வந்தது என்பார். இடது காலை அழுத்தி ஊன்றி, வலது காலை இழுத்து வைப்பார். வாய்க்கால் கரையில் வரும்போதே அவர்தான் என்று தெரிந்துவிடும். கரும்பு வெட்டப் போன இடத்தில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

எங்களுக்குப் பிள்ளையில்லை. வீட்டில் மாமியாரும் நானும்தான். அவருடைய ரப்பர் செருப்பைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. அதை மாட்டிக்கொண்டே பக்கத்து ஊர் அங்கன்வாடிக்குச் சமைக்கப் போய்வந்தேன். பெரிய செருப்பு. நழுவாமல் இருக்க விரல்களை இறுக்கி இறுக்கி நடந்ததில், மழைக்காலம் முடிவதற்குள் எனக்கும் அதே இடத்தில் ஆணி வந்துவிட்டது.

ஒருநாள் பொழுது சாயும்போது வாசலுக்கு வந்தேன். கண்புரை முற்றிய மாமியாருக்கு ஆள் நிழலாகத்தான் தெரியும்.

"வந்துட்டியாப்பா? வெந்நி போடச் சொல்லட்டா?"

"நான்தான் அத்த."

"எம்புள்ள நடை எனக்குத் தெரியாதா?"

அதிலிருந்து தினமும் இதே கேள்வி. போகப்போக எனக்கே பயம் பிடித்தது. இரண்டு பக்கமும் கரும்பு நிற்கும் பாதையில் தனியாக வருவேன். அழுத்தி ஒன்று, இழுத்து ஒன்று என்று அந்தச் சத்தம் எனக்குப் பின்னாலிருந்து கேட்கும். நின்றால் அதுவும் நிற்கும். திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வராது.

அங்கன்வாடி டீச்சர்தான் சொன்னார், கள்ளக்குறிச்சியில் ஓர் ஆயுர்வேத டாக்டரம்மா ஆணிக்குச் சூடு வைக்கிறார் என்று. பஸ் ஏறிப் போனேன். டாக்டரம்மா என் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கழற்றி வைத்திருந்த செருப்பையும் பார்த்தார்.

"இது உங்க சைஸ் இல்லியே. யாருதுங்க?"

"எங்க வூட்டுக்காரருதுங்க."

"அவரையே போட்டுக்கச் சொல்லுங்க. நீங்க வேற வாங்கிக்குங்க."

நான் தலையாட்டினேன்.

பாதத்தைக் கழுவித் துடைத்தார். மெல்லிய உலோகக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, ஆணியின் நடுவில் தொட்டுத் தொட்டு எடுத்தார். தோல் கருகி வாசனை எழுந்தது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக்கூடாது என்று அவரை எடுத்துப்போன அன்றைக்கு என்னைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கே என்ன நடந்ததென்று இந்த வாசனைதான் எனக்குச் சொன்னது. கண்ணீர் கொட்டியது.

"வலிக்குதாங்க?"

"இல்லீங்க."

கற்றாழைச் சோற்றை வைத்து, நெய்யும் தேனும் குழைத்துத் தடவி அனுப்பினார். இன்னும் சில முறை போனேன். ஆணி வேரோடு போய்விட்டது. புதுச்செருப்பும் வாங்கிக்கொண்டேன்.

பாதையில் சத்தம் நின்றது. வீட்டில் அந்தக் கேள்வியும் நின்றது. நான் உள்ளே வந்தால் மாமியார், "யாரு?" என்பார். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். "அவன் இன்னும் வரல. வரட்டும்."

அவர் உடம்பு இளைத்துக்கொண்டே போனது. பார்க்கச் சகிக்காமல் ஒரு மாலை, வாசலுக்கு வெளியிலிருந்தே வலது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தேன். உள்ளேயிருந்து அந்தக் கேள்வி வரவில்லை. வாசற்படியில் நின்றேன்.

"வாணாம்மா, வுடு," என்றார் மாமியார். "கால் ஆறிப்போச்சி இல்ல? மறுபடியும் கெடுத்துக்காத."

"அத்த..."

"மொதல்லேர்ந்தே தெரியும், நீதான்னு. கேக்க நல்லா இருந்துச்சி. அதான் கூப்ட்டுக்கினே இருந்தேன்."

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கை தடவிக்கொண்டு வந்து என் பாதத்தைத் தொட்டது, ஆணி இருந்த இடத்தில் நின்றது. பிறகு சோறு கேட்டார். போட்டேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

பாதி சாப்பாட்டில் வெளியே காய்ந்த கரும்புத் தோகை சரசரத்தது. காற்றாகத்தான் இருக்க வேண்டும். கையில் சோற்றோடு இருவருமே வாசல் பக்கம் திரும்பினோம்.