மாலைக்குள் இருந்த ஆணி

சாமிகளா, என் தம்பியை, உங்கள் சித்தப்பாவைப் பற்றி நீங்கள் கேட்டுவிட்டு வந்த பேச்சு பொய். போன வாரம் கல்யாணப் பந்தியில் யாரோ ஒருவர், “டிரெய்லருக்கு ஆணி போட மறந்து செத்தவன்தானே உங்க சித்தப்பன்” என்று சிரித்தாராம். நீங்கள் இருவரும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தீர்கள். அன்றைக்கு எனக்கு வாய் எழவில்லை. கோபத்தில் பேசினால் நான் முன்னதைப் பின்னதாகச் சொல்லிவிடுவேன். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி, இருந்தாலும் எழுதினால் நடந்தது நடந்தபடி வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காது. லாரிகள் மரக்கரியில் ஓடின. டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஆள் உயர இரும்பு உருளை இருக்கும். அதில் கரியைக் கொட்டித் தணல் மூட்டினால், அந்தப் புகையில் இன்ஜின் இருமிக்கொண்டே ஓடும். புதுச்சத்திரத்தில் கடலைக்காய் மண்டி வைத்திருந்த முதலாளிக்கு அப்படி ஒரே ஒரு லாரி. அதன் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டிச் சேலத்துக்கு மூட்டை அனுப்புவார். நான் மல்லசமுத்திரம் பக்கத்திலிருந்து மாட்டுவண்டியில் கடலைக்காய் கொண்டுவந்து அந்த மண்டியில் இறக்குவேன். உங்கள் சித்தப்பாவுக்கு டிரெய்லரில் வேலை.

டிரெய்லரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் நுனியில் ஒரு வளையம். லாரியின் பின்னால் ஓர் இரும்பு வாய். வளையத்தை வாய்க்குள் விட்டு மேலிருந்து ஒரு பெரிய ஆணியை இறக்க வேண்டும். ஓட்டத்தில் அந்த ஆணி துள்ளி வெளியே வராமல் இருக்க, அதன் அடியிலுள்ள துளையில் காட்டர் பின் என்கிற சின்ன இரும்பு ஊசியைச் செருகிக் கால்களை மடக்க வேண்டும். இதைத் தினமும் செய்தவன் உங்கள் சித்தப்பாதான். செய்துவிட்டு டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னால் கல்லைப் போட்டு, “இழுங்கண்ணா” என்று டிரைவருக்குக் குரல் கொடுப்பான். லாரி கொஞ்சம் முன்னே இழுக்கும், கல் டிரெய்லரைப் பிடித்து நிறுத்தும். அந்த இழுப்பைப் பூட்டு தாங்குகிறதா என்று பார்த்து, கீழே குனிந்து கையால் தடவி, பிறகுதான் கல்லை எடுப்பான். அதன்பின் டிரெய்லரின் முன்பலகையில் ஏறி உட்காருவான். அங்கே கையால் முறுக்குகிற பிரேக் சக்கரம் ஒன்று உண்டு. வழியெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு போவது அவன் பாடு.

ஆயுத பூஜை அன்று ஆணியையும் காட்டர் பின்னையும் கழற்றி எண்ணெய் துடைத்து, சந்தனம் வைத்து, சாமி படத்துக்கு முன் தாம்பாளத்தில் வைத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் லாரிக்கு மாலை, டிரெய்லருக்கு மாலை, இரண்டும் சேருகிற இடத்திலும் அரளி மாலை சுற்றி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழத்தை நசுக்கிக் கிளம்பிய வண்டி எல்லை தாண்டும் வரை நிற்கக்கூடாது என்பது மண்டியில் வழக்கம். ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாலை சுற்றுமுன்பே டிரைவர் உங்கள் சித்தப்பாவைக் கரிக்கூடை எடுத்துவர அனுப்பிவிட்டு ஆணியைத் தானே மாட்டியிருந்தார். நான் வண்டிமாட்டை அவிழ்த்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

தம்பி கூடையோடு ஓடிவந்தான். “அண்ணா, கல்லுப் போட்டு ஒருவாட்டி இழுத்துப் பாத்தரலாமுங்க.”

“இழுத்தாப் பழம் நசுங்கிரும். நசுங்குன வண்டிய நிறுத்தச் சொல்றியா? ஏர்றா மேல!”

“மாலையையாச்சும் ஒதுக்கிப் பாக்கறனுங்களே.”

“சாமிக்குப் போட்ட மாலையில கைய வெப்பியா? நான் மாட்டுனது உனக்குப் பத்தாதா? ஏறு, ஏறு.”

ஏறினான். இந்தப் பேச்சை முதலாளி காதால் கேட்டார். மூட்டை தூக்குபவர்கள் கேட்டார்கள். பூசணிக்காய் உடைத்தவர் கேட்டார்.

ஊருக்கு வடக்கே உள்ள மேட்டில் ஏறும்போது டிரெய்லர் கழன்று பின்னோக்கி ஓடியது. பாதையில் புல்லுக்கட்டோடு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். தம்பி குதித்திருக்கலாம். அவன் குதிக்கவில்லை. பிரேக்கை முறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். டிரெய்லர் வேகம் குறைந்து, பெண்களைத் தொடாமல் பள்ளத்தில் சாய்ந்தது. மூட்டைகள் அவன் மேல் சரிந்தன. நான் போய்ப் பார்த்தபோது பிரேக் சக்கரம் கடைசிப் புரி வரை முறுக்கியிருந்தது.

மேட்டில் அந்தப் பெரிய ஆணி கிடந்தது. அதன் துளையில் அறுந்த வாழைநார் முடிச்சு ஒன்று. காட்டர் பின் கைக்கு அகப்படாமல், நாரை முறுக்கிக் கட்டிவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார் அந்த டிரைவர். ஆணியை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“மாலை கட்டுன நாரப்பா அது. சிக்கியிருக்கும்” என்றார்.

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு, “மாட்டறது எப்பவும் தம்பி வேலைங்க. அன்னைக்கும் அவன்தானுங்க மாட்டுனான்” என்றார். நான் கண்ணால் கண்டதைச் சொன்னேன், அண்ணன்காரன் அப்படித்தான் சொல்வான் என்று தள்ளிவிட்டார்கள். அன்று காதால் கேட்டிருந்தவர்கள் ஒருவர் வாயும் திறக்கவில்லை. இழவு வீட்டில் என் தோளைப் பிடித்து முதலில் அழுததும் அந்த மனிதர்தான். அந்தக் கை இன்னும் என் தோளில் உறுத்துகிறது.

நான் அடிக்கப் போகவில்லை. அடித்தால் ஆத்திரக்காரன் என்று என்னைப் பேசிவிட்டுத் தம்பியை மறந்துவிடுவார்கள். எனக்கு வேண்டியது அந்த வாயிலிருந்து உண்மை. மாட்டை விற்றுவிட்டுத் தம்பியின் வேலையைக் கேட்டேன். முதலாளிக்கு மனசு உறுத்தியதோ என்னவோ, கொடுத்தார்.

அதன்பின் தினமும் காலையில் மண்டி முழுக்கக் கேட்கும்படி கத்துவேன். “ஆணி போட்டாச்சுங்க! காட்டர் பின் போட்டாச்சுங்க! கல்லு வெச்சாச்சுங்க! இழுத்துப் பாருங்கண்ணா!” அந்த மனிதர் இழுத்துத்தான் ஆக வேண்டும். ஆணி கழன்றாலும் டிரெய்லர் ஓடிவிடாமல் இருக்கத் தண்டையும் லாரியையும் சேர்த்து ஒரு சங்கிலியும் போட வைத்தேன். “தெனமும் எதுக்கடா இந்தக் கூப்பாடு?” என்று பல்லைக் கடிப்பார். “மறந்துட்டுச் செத்தவன் பொறந்த குடும்பமுங்க. மறக்கப்படாதுங்களே” என்பேன். முகம் சுண்டும். எனக்கு அன்றைய சோறு இறங்கும். இதற்கிடையில் லாரி ஓட்டவும் கற்று லைசென்ஸ் எடுத்தேன்.

மறு வருஷம் ஆயுத பூஜை முடிந்து வண்டி கிளம்பும் காலை. அன்று நான் கத்தவில்லை. பூட்டும் சங்கிலியும் மறையும்படி அதே மாதிரி அரளி மாலையை நானே சுற்றினேன். எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. எல்லாரும் கூடி நின்றார்கள். நான் போய் டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன்.

“என்றா பண்ற?” என்றார் அந்த மனிதர்.

“இன்னைக்கு நான் ஓட்டறனுங்க. நீங்க டிரெய்லர்ல ஏறிக்கிங்கண்ணா.”

கூட்டம் சிரித்தது. முதலாளியும், “ஒரு நாளைக்குத்தானே, ஏறப்பா. நேரமாவுது” என்றார்.

அந்த மனிதர் டிரெய்லர் வரை போனார். பலகையில் ஒரு கால் வைத்தார். மாலையைப் பார்த்தார். காலை எடுத்துவிட்டார்.

“மாலைய ஒதுக்கிக் காட்டு.”

“சாமிக்குப் போட்ட மாலைங்கண்ணா.”

“கல்லுப் போட்டு இழுத்துக் காட்டு.”

“பழம் நசுங்குனா வண்டி நிக்கப்படாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. நானே மாட்டுனனுங்க. பத்தாதுங்களா? ஏறுங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. பூசணிக்காய்க்காரர் என்னையே பார்த்தார். அவருக்கு எல்லாம் நினைவு வந்தது முகத்தில் தெரிந்தது.

“இவன் பழி வாங்கறானுங்க மொதலாளி! என்னையக் கொல்லப் பாக்கறான். உள்ள நாரு கட்டியிருக்கறானுங்க. நாரு ஒரு மேடு தாங்காதுங்க!”

“அது உனக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் முதலாளி.

நான் இறங்கிவந்து மாலையை அறுத்து எறிந்தேன். உள்ளே ஆணி இருந்தது. காட்டர் பின் கால் மடங்கி இருந்தது. சங்கிலி இருந்தது. கிளம்புமுன் எப்படியும் இழுத்துப் பார்த்திருப்பேன்.

“என்ற தம்பி மாட்டியிருந்தா இப்பிடி இருந்திருக்கும். அன்னைக்கு மாட்டுனது யாருங்கண்ணா?”

“நான்தான்” என்றார்.

“கேக்கலீங்க. தெனமும் நான் கத்துவனே, அந்த மாதிரி சொல்லுங்க.”

சொன்னார். மண்டி முழுக்கக் கேட்டது. துண்டை எடுத்துக்கொண்டு தம்மம்பட்டி பக்கம் போனவர் திரும்பி வரவில்லை. நான் அவரை மன்னிக்கவில்லை. நீங்களும் மன்னிக்க வேண்டியதில்லை. இனிப் பந்தியில் யாராவது சிரித்தால் எழுந்து வராமல், இதைச் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

அன்று சேலம் போய்த் திரும்பி, மூட்டை இறக்குபவர்கள் எல்லாம் போன பிறகு, நான் டிரெய்லரின் முன்பலகையில் ஏறி உட்கார்ந்தேன். பிரேக் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கடைசிப் புரி வரை முறுக்கினேன். காலையில் வண்டி எடுக்க வருகிறவன் பின்னால் இறங்கி வந்துதான் அதைத் தளர்த்த வேண்டும்; அப்போது பூட்டு கண்ணில் படாமல் போகாது. அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.