அம்மா தண்ணீருக்குப் பயந்தவர் அல்லர்

எங்கள் அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. வீட்டுக்கு வந்து படத்துக்கு முன் நின்று கும்பிட்டு, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும், தெருக்காரர்களுக்கும், அம்மாவோடு கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கும் என் வணக்கம். இதை எழுதச் சொன்னவள் என் தங்கை. "அம்மாவப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதுண்ணே" என்றாள். நல்லதாக எழுத அம்மாவிடம் நிறையவே இருந்தது. ஆனால் எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றிய ஒரு கெட்டதுதான் முன்னால் வந்து நிற்கிறது. அதை மறைத்துவிட்டு மற்றதை எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

அம்மா பிறந்தது சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில், வெள்ளாற்றங்கரையில். பிறந்த தேதி யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆற்றில் வெள்ளம் இரண்டு கரையும் தொட்டுப் போன ஒரு ஐப்பசி என்று மட்டும் மாமா சொல்வார். எட்டாவதோடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் விருத்தாசலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். எனக்குப் பதினொன்று, தங்கைக்கு ஏழு வயது இருக்கும்போது அப்பா காலமானார். காரியம் முடிந்த மறுவாரமே அம்மா செராமிக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் சுடாத பச்சைக் கோப்பைகளின் ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக் கொடுக்கிற வேலை. நாள் முழுக்கக் கை தண்ணீரிலேயே இருக்கும். சாயங்காலம் எங்களுக்குச் சோறு போடும்போது விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கி வெளுத்திருக்கும். வாய் கோணியதென்று கம்பெனி ஒதுக்கிய கோப்பைகளில்தான் நாங்கள் டீ குடித்தோம். அப்படி வளர்ந்து, படித்து, நான் சிங்கப்பூரில் வேலைக்குப் போனேன்.

இந்த வருடங்களில் அம்மா யாரையும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. என்னைப் பேசியிருக்கலாம். அதற்கு நான் காரணம் கொடுத்திருந்தேன்.

என் மகளுக்கு நான்கு வயதானபோது அம்மாவை ஐந்து மாதம் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பக்கத்தில் பொது நீச்சல் குளம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு அங்கே போவோம். அம்மா வந்த முதல் சனிக்கிழமை, "நாளைக்குக் காலைல எல்லாரும் குளிக்கப் போறோம்மா, ரெடியா இரு" என்று சொல்லிவைத்தேன். நீந்தப் போகிறோம் என்று சொல்லியிருக்க வேண்டும். நம் ஊரில் ஆற்றுக்குப் போனாலும் பம்புசெட்டுக்குப் போனாலும் குளிக்கப் போவதாகத்தானே சொல்வோம், அந்தப் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

குளிக்க என்றால் அம்மாவுக்குக் குளிக்கத்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் பை ஒன்றில் மாற்றுப் புடவை, பாவாடை, துண்டு, சோப்பு டப்பா, மஞ்சள் கிழங்கு, பொட்டலத்தில் சீயக்காய்த்தூள் எல்லாம் எடுத்துக்கொண்டார். பைக்குள் என்ன இருக்கிறதென்று நான் கேட்கவில்லை.

நானும் மகளும் முதலில் தண்ணீருக்குள் இறங்கிவிட்டோம். என் அலுவலக மேலாளர் தன் மனைவியோடு எனக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார். அப்போது பெண்கள் உடை மாற்றும் அறையிலிருந்து அம்மா வெளியே வந்தார். பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டி, துண்டைத் தோளில் போர்த்தி, கொண்டையை அவிழ்த்துவிட்டு, அப்பா போன பிறகும் விடாத மஞ்சளை முகத்திலும் காலிலும் பூசி, கையில் சீயக்காய் கரைத்த டம்ளரோடு வந்தார். ஆற்றில் நம் பெண்கள் அப்படித்தான் இறங்குவார்கள். அம்மாவின் முகம் கொள்ளாமல் சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

குளத்துக் காவலர் விசில் ஊதினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உங்களோடு வந்தவரா என்று மேலாளர் என்னைக் கேட்டார். நான் காதில் தண்ணீர் போனவன் மாதிரி தலையைச் சாய்த்துக் காதைத் தட்டிக்கொண்டு நின்றேன். உடை மாற்றிக்கொண்டு வந்த என் மனைவிதான் ஓடிப்போய் அம்மாவின் பக்கத்தில் நின்றாள். காவலர் நல்ல மனிதர். நீச்சல் உடை இல்லாமல் இறங்கக் கூடாது என்று பணிவாகத்தான் எடுத்துச் சொன்னார். பணிவில்லாமல் பேசியவன் நான். மேலே ஏறிப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"மானத்த வாங்காதம்மா. போயி பொடவையக் கட்டிக்கிட்டு பெஞ்சில உக்காரு."

அம்மா டம்ளரைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போனார். வீடு திரும்பும் வழியில் அவரே பேச்சை எடுத்தார்.

"வாசல் பலகையில தமிழ்லயே எழுதியிருக்குது தம்பி. நான்தான் படிக்காம வந்துட்டன்."

கையும் காலும் மூடுகிற நீச்சல் உடை கடையில் கிடைக்கிறது, அத்தைக்கு ஒன்று வாங்கலாம் என்று மனைவி அன்றைக்கே சொன்னாள். அம்மாவுக்கு அதெல்லாம் சரிப்படாது என்று நான் வாயை அடைத்துவிட்டேன். அம்மாவைக் கேட்கவேயில்லை. அதன் பிறகு வந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் தண்ணீரில் இருந்தோம், அம்மா பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொண்டார்.

குளத்தில் விதி இருந்தது என்று நான் சொல்லிக்கொள்ளலாம். கடற்கரையில் என்ன விதி? ஒரு விடுமுறை நாளில் கிழக்குக் கடற்கரைக்குப் போயிருந்தோம். சேலையோடும் கைலியோடும் ஆட்கள் அலையில் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். அம்மா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"இங்க பொடவையோட எறங்கலாமா தம்பி?"

சற்றுத் தள்ளி எங்கள் அலுவலகக் குடும்பங்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தன. ஈரத்தோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்று ஒரு பொய் சொன்னேன். மாற்றுப் புடவை பையில் இருந்தது. அது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மா சரி என்று தலையை ஆட்டிவிட்டு, ஈர மணல் தொடங்கும் இடத்துக்கு இந்தப் பக்கமாகவே நின்றுகொண்டார்.

அன்று சாயங்காலம் ஊரிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். அண்ணி கடலெல்லாம் பார்த்தாங்களா என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, "எங்க சித்தப்பா, அம்மாவுக்குத் தண்ணியக் கண்டாலே பயம். காலக்கூட நனைக்கல" என்றேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். சீப்பு ஒரு நொடி நின்று, திரும்பவும் ஓடியது.

அந்தப் பேச்சு என்ன ஆனதென்று இதைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். சிங்கப்பூர் வரைக்கும் போய்க் கால் நனைக்காமல் வந்தவர் என்பது அம்மாவின் பட்டப்பெயராகவே ஆகிவிட்டது. காதுகுத்து, கல்யாணம், வளைகாப்பு எதுவானாலும் யாராவது ஒருவர் அதைத் தொடங்குவார், மற்றவர்கள் சிரிப்பார்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நான் சொன்னதைத்தானே நீங்கள் சொன்னீர்கள்.

சேத்தியாத்தோப்பில் மாமா மகள் கல்யாணம். பந்தியில் அம்மாவுக்கு ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் மாமா. தண்ணீர் ஜக்கோடு வந்த சித்தப்பா, "அண்ணி, டம்ளர்ல தண்ணி ஊத்தலாமா, பயந்துக்க மாட்டீங்களே" என்றார். வரிசையே சிரித்தது. மாமா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு, இவளா தண்ணிக்குப் பயந்தவ? வெள்ளாத்துல…"

அம்மா அவர் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார்.

"ஆமாண்ணே. அங்க தண்ணி வேற மாதிரி இருந்துது. எனக்குப் பயமாத்தான் இருந்துது. நீ சாப்புடு."

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் மாமாவிடம் கேட்டேன். வெள்ளத்திலேயே அக்கரைக்கு நீந்திப் போய்த் திரும்பி வருவாராம் அம்மா. ஆற்றோடு போன எருமைக் கன்றை ஒருமுறை கழுத்தைப் பிடித்துக் கரை சேர்த்தாராம். கல்யாணமாகி விருத்தாசலம் வந்த பிறகு அவர் தண்ணீரில் இறங்கியதே இல்லை. எங்கள் ஊர் மணிமுத்தாற்றில் பாதி நாள் மணல்தான் ஓடுகிறது. தண்ணீர் ஓடுகிற நாளில் அம்மாவுக்கு வேலை இருந்தது. குளத்தில் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்ததென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

புரிந்த பிறகும் பந்திக்குத் திரும்பிப் போய், நான் சொன்னது பொய் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதன் பிறகு மூன்று வருடம் அம்மா உயிரோடு இருந்தார். அந்த மூன்று வருடமும் சொல்லவில்லை.

போன வருடம் சிறுநீரகம் கெட்டு அம்மா படுக்கையில் விழுந்தார். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டர் அளவு சொல்லியிருந்தார். ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துவிட்டுக்கொண்டே, "அம்மா, அன்னிக்கு அந்தக் குளத்துல…" என்று ஆரம்பித்தேன். மேலே சொல்லாமல் துணியைத் திரும்பவும் நனைத்துப் பிழிந்தேன்.

"அந்தத் தண்ணி என்னா நீலம் இல்ல தம்பி" என்றார் அம்மா.

அவ்வளவுதான். அதற்கு நான்கு நாள் கழித்து அம்மா அடங்கிவிட்டார்.

அஸ்தியைக் கடலூரில் கடலில் கரைத்தோம். மூன்று முறை முழுகச் சொன்னார் ஐயர். முதல் அலையிலேயே எனக்குக் கால் நிலைக்கவில்லை; வாரம் தவறாமல் குளத்துக்குப் போன எனக்கு மார்பளவு நீலத் தண்ணீர்தான் தெரியும். மாமா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கலயத்தைத் திறந்ததும் அம்மா மட்டும் தயங்காமல் உள்ளே போனார்.

படுக்கையில் இருந்த நாளெல்லாம் அம்மாவைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்ட என் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும், கூப்பிட்ட குரலுக்கு ஆட்டோவோடு வந்து நின்ற எதிர்வீட்டுத் தம்பிக்கும், இராப்பகல் பாராமல் கவனித்த மருத்துவர், நர்ஸ் அம்மாக்களுக்கும், கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்து அம்மாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி அனுப்பிவைத்த தோழிகளுக்கும், எல்லாக் காரியத்துக்கும் முன்னே நின்ற மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இன்னும் ஒன்று கேட்கிறேன். இனி அம்மாவைப் பற்றிப் பேசும்போது அந்தப் பழைய கேலியை விட்டுவிட்டு, எருமைக் கன்றைக் கரை சேர்த்த கதையைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அதுதான் தெரிய வேண்டும்.

இந்த மலரின் பின்னட்டையில் இருக்கும் படம் அந்தக் குளத்தில் நான் எடுத்தது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் பைகள் காலடியில் இருக்கின்றன. மடியில் இருக்கிற மஞ்சள் பை மட்டும் அம்மாவுடையது. அதில் பாவாடையும் துண்டும் இருக்கின்றன. என்றைக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் "வாம்மா" என்று கூப்பிட மாட்டேனா என்று ஐந்து மாதமும் வாராவாரம் அவற்றை மடித்து எடுத்துவந்தார். எங்கள் துண்டுகளைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, அம்மா தன் துண்டைக் காய்ந்தபடியே அலமாரியில் திரும்ப வைப்பார். நான் ஒவ்வொரு வாரமும் அதைப் பார்த்தேன்.